முறையும் கொள்ளளவும்

நிறைந்துவிட்ட ஒரு வரிசையிற் புதிதாக ஒருவர் வந்து நின்றால் யாரை இழப்பது? வந்தவரையா, முன்னரே இடம்பெற்று நிற்பவரையா, அன்றி எவரையும் இழவாது எல்லோரையும் காக்கவைத்துக் காலத்தையே இழப்பதா? கணினிச் செய்நிரல் எழுதுவோர் இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொள்பவர். ஆயினும் அதனை வெறும் தொழில்நுட்ப வினாவாகக் கொண்டு, ஒரு வரியில் விடையெழுதிவிட்டு அப்பாற் செல்வதே அவர்தம் வழக்கம். யானும் நெடுங்காலம் அவ்வாறே எழுதிவந்தேன். பழுகாமத்துக்கு அண்மையிலுள்ள வயல் வட்டையொன்றில் நேர்ந்த ஒரு சம்பவம் அவ்வரியை மீளவும் வாசிக்கச் செய்தது. அவ்வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

முதலிற் பொருளை விளக்கிக்கொள்ளுதல் நன்று. கணினியியலில் வரிசை எனப்படுவது, முதலில் வந்தது முதலில் வெளியேறும் ஒழுங்கில் தரவுகளைத் தாங்கிநிற்கும் ஓர் அமைப்பு. அதற்கு எல்லையின்றி இடமளிக்கலாம். அன்றேல், இத்துணைப் பேருக்கே இடம் என முன்கூட்டியே வரையறுத்துவிடலாம். பின்னையது கொள்ளளவு குறித்த வரிசை. நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்த சில அறைகளை ஒரு வட்டமாகப் பாவித்து, தலை எங்கே, வால் எங்கே என்பதை இரு எண்களாற் குறித்துக்கொள்வர். ஒருவர் வெளியேறத் தலை நகரும். ஒருவர் புகுந்தால் வால் நகரும். இறுதி அறையை அடைந்ததும் இரண்டும் முதல் அறைக்கே மீளும். எவரையும் இடம்பெயர்க்கத் தேவையில்லை. புதிதாக நினைவகம் கோரவும் தேவையில்லை. சிறிய கருவிகளிலும், நேரம் தவறாது இயங்கவேண்டிய பொறிகளிலும் இவ்வமைப்பு விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. தலையும் வாலும் ஒரே அறையைச் சுட்டும்போது வரிசை வெறுமையாகவும் இருக்கலாம், முழுமையாக நிறைந்தும் இருக்கலாம். இரு நிலைகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இதனைத் தீர்ப்பதற்கு இரண்டு வழிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, உள்ளிருப்போர் தொகையைத் தனியே எண்ணிவைத்தல். மற்றையது, ஓர் அறையை என்றும் நிரப்பாது விட்டுவைத்தல். எட்டு அறை கட்டி ஏழு பேருக்கு மட்டும் இடமளிக்கும் இரண்டாவது முறையை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு ஏற்படுவதுண்டு. நிறைவையும் வெறுமையையும் பிரித்தறிய ஓர் இடத்தையே விலையாகக் கொடுக்கவேண்டியுள்ளது! ஆனால் நமது வினா இதுவன்று. நிறைந்துவிட்டது என்பது ஐயமற அறியப்பட்ட பின்னர் எழுவதே நமது வினா.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் வாழ்ந்தோர்க்குக் கொள்ளளவு என்பது புதிய கருத்தன்று. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரைக்குச் செல்வோர் 'பாதை' என்று வழங்கும் மிதவையை நம்பியே இருந்தனர். பாதையில் இடம் நிரம்பியதும் ஓட்டுபவர் கையை உயர்த்துவார். கரையில் நிற்பவர் தாம் நிற்கிறோம் என்பதைத் தம் கண்ணாலேயே காண்பார். அடுத்த தடவைக்குக் காத்திருக்கலாம், அவசரமாயின் தொலைவு பாராது பட்டிருப்புப் பாலத்தாற் சுற்றியும் போகலாம். இடம் மறுக்கப்பட்டமை அவருக்குத் தெரியும். அது தெரிந்தமையால் அவர் கையில் ஏதோ ஒரு வழி எஞ்சியிருந்தது. இதனை வாயில் மறுப்பு எனக் கூறுவோம். கணினியில் வரிசை நிறைந்ததும் 'இடமில்லை' என்று புதியதைத் திருப்பியனுப்புதல் இதனை ஒத்தது.

இனி, வேறொரு முறை. வரிசை நிறைந்த பின் புதியது வருமாயின் மிகப் பழையதை அழித்து அவ்விடத்தில் புதியதை எழுதிவிடுதல். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் தன் நடவடிக்கைக் குறிப்புகளை இவ்வாறான வட்டத்திலேயே வைத்திருக்கிறது. பைதன் மொழியின் இருதலை வரிசைக்கு உச்ச நீளம் குறிக்கப்பட்டால், ஒரு முனையிற் புதியது சேரும்போது மறுமுனையில் உள்ளது ஓசையின்றி நீக்கப்படும். பாதையில் இவ்விதியை நடைமுறைப்படுத்தின், முதலில் ஏறியவரை வாவிக்குள் தள்ளிவிட்டு இறுதியாக வந்தவரை ஏற்றிக்கொள்வதாகும். எந்த ஓட்டியும் இதனைச் செய்யான். எனினும் செய்நிரலில் இது மிக இயல்பான விதி. எழுதுவதற்கும் எளிது, தலையை ஓர் அறை முன்னே நகர்த்தினாற் போதும்.

அந்த வரியைத்தான் யான் எழுதியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாக அனுப்பும் சிறு கருவியொன்றை மாணவர் சிலருடன் சேர்ந்து அமைத்தோம். அதற்கெனச் செய்நிரல் நூலகம் ஒன்றையும் எழுதினோம். பிறரும் எடுத்தாளத்தக்க வகையிற் பொதுவாக எழுதவேண்டும் என்பது எமது அவா. வலையமைப்பு இயங்காத வேளையில் அளவீடுகள் 512 இடம் கொண்ட ஒரு வரிசையில் தங்கும். 512 அளவீடு என்பது 5,120 நிமிடம். அதாவது மூன்றரை நாளுக்குச் சற்று மேல். இது போதும் என்றே எண்ணினோம்.

அவ்வாண்டு மார்கழி மழையில் வலையமைப்பு ஐந்து நாள் செயலற்றுப் போயிற்று. ஐந்து நாளில் 720 அளவீடுகள். மீண்டபோது கருவி அனுப்பியவை இறுதி 512 மட்டுமே. முதல் 208 அளவீடுகள், அதாவது 34 மணி 40 நிமிடத்துப் பதிவு, ஒன்றன்மேலொன்றாக எழுதப்பட்டு அழிந்திருந்தன. வெள்ளம் ஏறிய முதலிரவு அதற்குள் அடங்கியது.

கீழ்வட்டையில் வேளாண்மை நீருள் மூழ்கிக் கிடந்தது. மேல்வட்டையில் இரவோடிரவாக யாரோ வரம்பை வெட்டி நீரைக் கீழே விட்டனர் என்ற பேச்சு எழுந்தது. அப்பேச்சு விரைவில் ஒரு பெயரைத் தேடிற்று. ஒரு போடியாரிடம் வேலை செய்த முல்லைக்காரர் ஒருவரின் பெயரைக் கண்டுபிடித்தும் விட்டது. வரம்பு வெட்டப்பட்டிருந்தால் நீர்மட்டம் சில நிமிடங்களிற் குத்தென உயர்ந்திருக்கும். மழையால் நிறைந்திருந்தால் மணிக்கணக்கில் மெல்ல ஏறியிருக்கும். இவ்வேறுபாட்டைக் காட்டவல்ல ஒரே சாட்சி எமது கருவி. அச்சாட்சி தான் கண்டதைத் தானே அழித்துவிட்டு, நீர் ஏறி முடிந்த பின்னுள்ள மூன்றரை நாளை மிகத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த போகத்துக்கு அந்த முல்லைக்காரர் அவ்வட்டையில் இல்லை. அவர் வெட்டினாரா இல்லையா என்பது எவர்க்கும் தெரியாது.

வட்டவிதானையாரிடம் நிலைமையை விளக்கச் சென்றேன். வயது முதிர்ந்தவர்; நான் கூறியதை முழுவதும் செவிமடுத்தார். பின்னர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, எத்தின விட்டுப்போன எண்டாவது அந்தப் பெட்டி எழுதி வெச்சிருக்கா?" எழுதிவைக்கவில்லை. 208 என்னும் எண்ணை யான் நாட்களைக் கணக்கிட்டே அறிந்தேன். கருவி தன் இழப்பை எங்கும் குறித்திருக்கவில்லை.

இச்சம்பவத்திலிருந்து, பழையதை அழிக்கும் விதி தீயது, வாயில் மறுப்பே நல்லது என உடனே முடிவுகட்டுதல் எளிது. அவ்வாறு யானும் ஓரிரு நாள் எண்ணியதுண்டு. ஆயின் வாயில் மறுப்பு இருந்திருப்பின் நடந்திருக்கக்கூடியது யாது? வெள்ளம் ஏறிய முதலிரவு காக்கப்பட்டிருக்கும். இறுதி ஒன்றரை நாள் இழக்கப்பட்டிருக்கும். அக்கருவி முதன்மையாக அமைக்கப்பட்டது வெள்ள எச்சரிக்கைக்காக. எச்சரிக்கைக்கு வேண்டுவது இந்நேரத்து நீர்மட்டமேயன்றி நான்கு நாளுக்கு முந்தியதன்று. ஆகவே பழையதை அழிக்கும் விதி எச்சரிக்கைக்கு ஏற்றது. புதியதை மறுக்கும் விதி சாட்சியத்துக்கு ஏற்றது. ஒரே அளவீடு, இருவேறு கடப்பாடுகள். எவ்விதி நல்லது என்னும் வினாவுக்கு, எவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதை அறியாமல் விடை கூறவியலாது.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. வரிசை நிறைந்ததும் ஒன்று விட்டு ஒன்றாக அளவீடுகளை நீக்கி, இனிமேல் இருபது நிமிடத்துக்கு ஒன்றெனப் பதிதல். அதே 512 இடம் ஏழு நாளுக்கு மேற் போதும். முதலிரவும் இருக்கும், இறுதிநாளும் இருக்கும், எல்லாப் பொழுதும் சிறிது மங்கும். நீர் குத்தென ஏறியதா மெல்ல ஏறியதா என்பதை இருபது நிமிட இடைவெளியிலும் ஓரளவு கண்டுகொள்ளலாம். இழப்பை ஒருவர் தலையிற் சுமத்தாது அனைவர்க்கும் பங்கிடும் இவ்வழி அறத்தின்பாற்பட்டதாகவே தோன்றுகிறது. ஆனால் வரிசையில் நிற்பவை அளவீடுகளாக இருக்கும்வரையே இது பொருந்தும். நோயாளரை ஒருவர் விட்டு ஒருவராக நீக்க இயலுமா? வங்கிக் கொடுப்பனவுக் கட்டளைகளை இயலுமா? ஓர் அளவீட்டுக்கு அதன் அயல் அளவீடு பதிலாளாக நிற்கும்; ஒரு மனிதனுக்கு அவன் அயலவன் பதிலாளாக நிற்கமாட்டான்.

பொது நூலகம் எழுதுவோனின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. தன் வரிசையில் நிற்கப்போவது நீர்மட்டமா நோயாளர் பெயரா என்பதை அவன் அறியான். 1971 இல் வெளிவந்த தமது நீதி பற்றிய நூலில் ஜோன் றோல்ஸ், சமூக விதிகளை வகுப்போர் தமக்கு வாய்க்கப்போகும் நிலையை அறியாத ஒரு திரையின் பின்னிருந்து வகுப்பதாகக் கற்பனை செய்தார். நூலக ஆசிரியனுக்கு அது கற்பனையன்று, அன்றாட நிலை. ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. றோல்சின் திரைக்குப் பின்னிருப்போர் அவ்விதிகளின் கீழ்த் தாமே வாழப்போகிறவர். நூலக ஆசிரியனோ பெரும்பாலும் அவ்வரிசையில் நிற்பதேயில்லை. அந்த முல்லைக்காரரின் இடத்தில் யான் நிற்கும் வாய்ப்பு ஒருபோதும் இருக்கவில்லை.

அறியாமையை அறிந்தவன் செய்யக்கூடியது தெரிவைப் பயன்படுத்துவோனிடம் விடுதல் எனலாம். 2004 இல் ஜாவா மொழியின் ஐந்தாம் பதிப்பில், டக் லீ என்பார் முன்னின்று உருவாக்கிய தொகுதியுடன் சேர்ந்த கொள்ளளவு வரிசை இவ்வகையிற் கவனிக்கத்தக்கது. ஒன்றைச் சேர்ப்பதற்கு அதில் நான்கு வாயில்கள் உள. இடமில்லையெனில் முதலாவது வழுவெனக் கூவும். இரண்டாவது 'இல்லை' என அமைதியாக விடையளிக்கும். மூன்றாவது இடம் வரும்வரை காக்கவைக்கும். நான்காவது குறித்த நேரம்வரை மட்டும் காக்கவைத்துப் பின் 'இல்லை' என்னும். காத்துநிற்போர்க்கு வந்த ஒழுங்கில் இடமளிக்கவேண்டுமா என்பதையும் அங்கே தெரிவுசெய்யலாம். ஆனால் கேளாவிடின் அவ்வொழுங்கு கிடையாது. ஏனெனில் நேர்மையான ஒழுங்கு பொதுவாக வேகத்தைக் குறைக்கும் என்பதை அதன் விளக்கக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. ஒருவர் என்றுமே இடம்பெறாது நிற்கும் அவலத்தை அது தவிர்க்கிறது என்பதையும் உடன் கூறுகிறது. நேர்மைக்கு விலையுண்டு என்பதை ஒளியாது எழுதிவைத்த அக்குறிப்பை யான் மதிக்கிறேன். நேர்மையைக் கேட்டால் மட்டும் வழங்கும் ஏற்பாட்டை அத்துணை மதிக்க இயலவில்லை.

எல்லாவற்றையும் பயன்படுத்துவோனிடம் விடுவதும் ஒருவகைத் தப்பித்தலாகலாம். பெரும்பாலோர் எதனையும் தெரிவுசெய்யார். இயல்பாக அமைந்ததையே எடுத்துக்கொள்வர். ஆதலால் இயல்புவிதி எதுவோ அதுவே நூலக ஆசிரியனின் உண்மையான தீர்ப்பு.

இவ்விடத்து ஒருவர் குறுக்கிட்டு, எல்லையே இல்லாத வரிசையை அமைத்துவிட்டால் எவரையும் மறுக்கவேண்டியதில்லையே என வினவலாம். இதற்குரிய விடையை 1985 ஆம் ஆண்டு ஜோன் நேகிள் என்னும் அறிஞர் இணைய வரைவுக் குறிப்பொன்றில் தந்துள்ளார். எல்லையற்ற நினைவகம் கொண்ட செய்திமாற்றுப் பொறியை அவர் எண்ணிப்பார்த்தார். சுமை மிகும்போது வரிசை நீளும். ஒவ்வொரு செய்திப் பொதிக்கும் ஆயுட்காலம் குறிக்கப்பட்டிருப்பதால், வரிசையின் தலையை அடைவதற்குள் அவை அனைத்தும் காலாவதியாகிவிடும். எவரையும் மறுக்காத வரிசை ஈற்றில் எல்லோரையும் இழக்கிறது! இடமில்லை என்று எவரிடமும் கூறாமையே அதன் குற்றம்.

நேகிளை வாசிக்காத இலங்கையரும் இதனை 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன்னே கற்றனர். எல்லை குறியாத வரிசைகள் வீதி வீதியாக நீண்டன. இரவும் பகலும் நின்றவருட் சிலர் வரிசையிலேயே உயிர்நீத்தனர். தாங்கியிலுள்ள எரிபொருள் எத்தனை பேருக்குப் போதும் என்பது வரிசையின் வாலில் நின்றவர்க்குத் தெரியாது. தலையில் நின்றவர்க்கும் தெரியாது. அவ்வாண்டு ஆடியில் வாகன இலக்கத் தகட்டின் இறுதி இலக்கத்தைக் கொண்டு நாள் குறித்து, வாரத்துக்கு இத்துணை லீற்றர் என வரையறுத்து, குறியீட்டு அட்டை வழங்கப்பட்ட பின்னரே வரிசைகள் குறுகலாயின. எரிபொருள் பற்றாக்குறை அதனால் நீங்கிவிடவில்லை. ஆனால் 'இன்று உனக்கில்லை' என்னும் சொல் மூன்றாம் நாட் காலையிலன்றி வீட்டிலிருக்கும்போதே ஒருவர் செவிக்கு எட்டிற்று.

நேகிள் அக்குறிப்பில் இன்னொன்றையும் முன்வைத்தார். ஒரே வரிசைக்குப் பதிலாக, செய்தி அனுப்பும் ஒவ்வொரு தரப்புக்கும் தனி வரிசை. அவற்றுக்கு வட்டமுறையில் ஒவ்வொன்றாக இடம். அளவுக்கு மீறி அனுப்புபவன் தன் வரிசையையே நீட்டிக்கொள்வான். பிறர் பங்கு குன்றாது. மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களை அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் திருவிழா நாட்கள் ஊர்களுக்கும் குடிகளுக்குமெனப் பங்கிடப்பட்டு ஆண்டுதோறும் முறை சுழல்கிறது. ஆட்பலம் மிக்க குடி எத்துணைப் பேருடன் வரினும் இன்னொரு குடியின் நாளைக் கொள்ளமுடியாது. இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். நாட்கள் குறித்தவை, பங்கில்லாதவர்க்கு அவ்வட்டத்தில் நுழைவாயிலே இல்லை. குடிமுறை உயர்வுதாழ்வுகளையும் உடன் சுமந்து வந்ததொன்று. சுழற்சி நேர்மையாக நடைபெறுகிறது என்பது, அச்சுழற்சிக்குள் யாரை அனுமதித்தார்கள் என்ற வினாவுக்கு விடையாகாது.

'முறை' என்னும் சொல்லையே சிறிது எண்ணிப்பார்க்கலாம். பண்டை நூல்களில் அது அரசன் வழங்கும் நீதி. வயல் வாய்க்காலில் அது நீர் பாயும் தவணை. உறவில் அது யார் யாரை மணக்கலாம் என்னும் வரன்முறை. தவணையையும் நீதியையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், வரிசைப்படி நடத்தலே நீதி எனக் கருதினரா, அன்றி நீதியின்றி வரிசை நில்லாது எனக் கருதினரா என்பது மொழியியலார் ஆராயத்தக்கது. எனக்குப் பின்னையதே உவப்பானது. சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

என் தீர்ப்புக்கு வருகிறேன். வரிசைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டது ஒரு வாக்குறுதியைப் பெற்றுவிட்டது. வெளியே நிற்பதற்கு நம்பிக்கை மட்டுமே உண்டு. ஆதலால், வேறு எதுவும் அறியப்படாதவிடத்து, மறுப்பு வாயிலில் நிகழவேண்டும். மறுக்கப்பட்டவர் அதனைக் கேட்கவேண்டும். பழையதை அழித்தல் தவறன்று. ஆனால் அதனை வேண்டுபவன் வாய்திறந்து கேட்டுப் பெறவேண்டும், கேளாமற் கிடைத்தலாகாது. இதற்கு எதிராக மாணவர் ஒருவர் கூறிய வாதம் வலுவானது. அளவீட்டுக்கு யார் வாக்களித்தார், அதற்கு மனம் உண்டா, என்பது அவர் வாதம். உண்மைதான். வாக்குறுதி அளவீட்டுக்கு அளிக்கப்பட்டதன்று. அவ்வளவீட்டை ஒருநாள் தேடி வரக்கூடியவர்க்கு, அவர் யாரென்று தெரியாமலே, அளிக்கப்பட்டது. தெரியாதவர்க்கு வாக்களித்தல் இயலுமா என அவர் மேலும் கேட்டார். ஏரி கட்டியவர்களும் மரம் நட்டவர்களும் அதனைச் செய்தார்கள் என்றேன். அவர் முழுதும் உடன்பட்டார் எனக் கூறமாட்டேன்.

நூலகத்தைத் திருத்தி எழுதினோம். இப்போது வரிசையொன்றை ஆக்கும்போது கொள்ளளவுடன் நிறைவு விதியையும் பெயர்கூறி எழுதினாலன்றிச் செய்நிரல் இயங்காது. இயல்புவிதி என ஒன்றும் இல்லை. பயன்படுத்துவோர் இதனைத் தொல்லையென முறையிடுகின்றனர். எவ்விதியாயினும், மறுக்கப்பட்டவை, அழிக்கப்பட்டவை எத்தனை என்பதை வரிசை எண்ணிவைக்கும்; முதல் இழப்பு நேர்ந்த பொழுதையும் குறித்துவைக்கும்.

அவ்வெண்ணியை எழுதும்போது பழைய வினா மீண்டும் வந்து நின்றது. சிறு கருவியில் எண்ணிக்கு நாம் ஒதுக்கிய இடம் 65,535 வரையே எண்ணும். அதற்கு மேல் ஒன்று கூடினால் அது சுழன்று சுழியத்துக்கு மீளும்; ஒன்றுமே இழக்கப்படவில்லை என்று சொல்லும். ஆகவே அதனைச் சுழலவிடவில்லை. 65,535 ஐ அடைந்ததும் அங்கேயே நின்றுவிடுமாறு செய்தோம். அதனை வாசிப்பவர், இத்துணை அல்லது இதற்கு மேல் என்றே பொருள்கொள்ளவேண்டும் என விளக்கக் குறிப்பில் எழுதியுள்ளோம்.